முதல் காசு கூரைக்கு

கட்டடங்களைப் புதுப்பித்து மின்செலவைக் குறைக்கும் அரசுத் திட்டங்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கே: என் வீட்டுக்கு நான் வெள்ளையடிக்கிறேன், நான் ஓடு மாற்றுகிறேன். இதில் அரசாங்கம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

ப: உங்கள் கூரையின் சூடு உங்கள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை, ஐயா. மே மாதத்தில் ஊர் முழுக்க ஏசி ஓடுகிற ராத்திரி நேரத்தைச் சமாளிக்க மின்வாரியம் வெளியே கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்குகிறது. அந்தச் சுமை கட்டணத்தில் ஏறும்போது ஒரே ஒரு ஃபேன் ஓட்டுகிறவர் தலையிலும் விழுகிறது.

மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. 2017-18-இல் இருந்த குளிரூட்டும் தேவை 2037-38-க்குள் சுமார் எட்டு மடங்காகுமாம். அதற்கு வேண்டிய மின்நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் எல்லாவற்றுக்கும் பொதுப்பணம்தான் போகும். அந்தத் தேவையை உங்கள் மொட்டை மாடியிலேயே பாதி வழியில் நிறுத்த முடியும் என்றால், அதற்குச் செலவழிப்பதும் பொதுவேலைதான்.

கே: மூன்று மாடிக் கட்டடத்தில் கடைசித் தளம் எங்களுடையது. ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. கீழ்வீட்டுக்காரர் போர்வை கேட்கிறார்! ஏன் இப்படி?
(இல்லத்தரசி, வியாசர்பாடி)

ப: ஸ்டூல் போட்டு ஏறி, இன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு அதே கையைச் சுவரில் வையுங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும். பகல் முழுக்க உச்சிவெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை மெதுவாகக் கீழே கடத்துகிறது. மேலே பொழுது சாய்ந்து காற்று வரும் நேரத்தில்தான் உள்ளே சூடு முழுசாக இறங்குகிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் உங்கள்மேல் தள்ளுகிறது. சென்னை போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்குமேல் நிற்பதால், சுவரைவிடக் கூரைதான் அதிக வெயில் வாங்கும். கீழ்வீட்டுக்குக் கூரை நீங்கள்தான். உங்கள் வீடே அவருக்குக் குடை.

கருத்துப்போன பழைய சிமென்ட் தளம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக வெள்ளை பூசிய தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பல ஊர்களில் பார்த்த அனுபவம். முந்தைய தலைமுறைக் கொத்தனார்கள் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். மழைநீருக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. செலவைக் குறைக்கிறேன் என்று அதைக் கைவிட்ட கட்டடங்களில் இன்று கடைசித் தளத்துக்காரர்கள் கரண்ட் பில்லாக அந்தச் செலவைக் கட்டுகிறார்கள்.

கே: ஒரே வரியில் பதில் வேண்டும். ஏசிக்கு மானியமா, கூரைக்கு மானியமா?
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

ப: கூரைக்கு.

கே: நான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் கூரையைத் தொடமாட்டார், கரண்ட் பில் நான்தானே கட்டுகிறேன். நான் செலவு செய்தால் அடுத்த வருஷம் "வீடு நல்லா இருக்கே" என்று வாடகையை ஏற்றுவார். இதற்கு எந்த அரசிடமாவது வழி இருக்கிறதா?
(பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்)

ப: உலகத்தில் இந்தத் துறையில் வேலை செய்கிற அத்தனை பேரையும் திணறவைக்கிற கேள்வியை நீங்கள் நாலு வரியில் கேட்டுவிட்டீர்கள். செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்று இருக்கும் வரை எந்த வீட்டுக்காரரும் அசையமாட்டார்.

பிரான்ஸ் கடுமையான வழியில் போனது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை எரிசக்தித் தரம் உண்டு. எஃப், ஜி தர வீடுகளுக்கு 2022 ஆகஸ்ட் முதல் வாடகை உயர்த்த முடியாது. 2023 முதல் படுமோசமான வீடுகளையும், 2025 முதல் ஜி தர வீடுகள் எல்லாவற்றையும் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. 2028-இல் எஃப், 2034-இல் இ. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரல் முதல் 'இ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடத் தடை, விதிவிலக்குகள் உண்டு.

இதை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். லைன் வீடுகளை ஒரே நாளில் தகுதியில்லாதவை என்று அறிவித்தால் நீங்கள்தான் முதலில் தெருவில் நிற்பீர்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் ஒரு பாதியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: வாடகை வீட்டுக் கூரைக்கு அரசு முழு மானியம் தரட்டும், அதை வாங்கும் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் வாடகையை ஏற்றமாட்டேன், குடியிருப்பவரைக் காலி செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஓட்டு வீடும் அட்டைக் கூரையும் நிறைந்த தொழில் நகரங்களில் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கே: முழு மானியம் கொடுத்தால் எல்லோரும் ஓடி வருவார்களே. எங்காவது செய்து பார்த்தார்களா?
(ஆடிட்டர், மதுரை)

ப: இத்தாலி முழுசுக்கும் மேலேயே கொடுத்துப் பார்த்தது. 2020 மே மாதம், கொரோனாவில் நாடு முடங்கிக் கிடந்தபோது, அப்போதைய பிரதமர் கோன்டேயின் அரசு 'சூப்பர்போனஸ்' கொண்டுவந்தது. வீட்டை எரிசக்திச் சிக்கனமாகப் புதுப்பித்தால் செலவில் 110 சதவீதம் வரிக்கழிவு. நூறு யூரோ செலவு செய்தால் நூற்றுப்பத்து திரும்ப வரும். அந்த வரிக்கழிவை வங்கிக்கோ ஒப்பந்ததாரருக்கோ விற்றுவிடலாம். ஆக, வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு காசு எடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஆடிட்டர், முடிவை ஊகித்திருப்பீர்கள். தன் காசு போகாத இடத்தில் யார் பேரம் பேசுவார்கள்? சாரம் கட்டும் கூலியிலிருந்து ஜன்னல் விலை வரை எல்லாம் ஏறியது. செய்யாத வேலைக்கும் இல்லாத கட்டடத்துக்கும் வரிக்கழிவு எழுதி விற்றவர்கள் பிடிபட்டார்கள். 2023-இல் இத்தாலியின் நிதிப்பற்றாக்குறை ஜிடிபியில் 7 சதவீதத்தைத் தாண்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டு பிப்ரவரியில், பிறகு வந்த பிரதமர் மெலோனியின் அரசு வரிக்கழிவை விற்கும் வழியை அடைத்தது. மொத்தச் செலவு 12,000 கோடி யூரோவுக்கு மேல். திருத்தப்பட்ட கட்டடங்கள் ஏறக்குறைய 5 லட்சம்தான். நாட்டிலுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் சில சதவீதம். அதிலும் ஏழைக்கென்று தனி வரிசை கிடையாது. சொந்த வீடு உள்ளவர், கையெழுத்துப் போட ஆள் தெரிந்தவர் முந்திக்கொண்டார்.

ஜெர்மனியில், போருக்குப் பிந்தைய மறுகட்டுமானத்துக்காக 1948-இல் தொடங்கிய கேஎஃப்டபிள்யூ என்ற அரசு வங்கி வேறு மாதிரி கொடுக்கிறது. வேலை முடிந்தபின் வீடு எவ்வளவு சிக்கனமாக நிற்கிறது என்பதைப் பொறுத்து சலுகை கூடும், குறையும். அங்கீகாரம் பெற்ற நிபுணர் சான்று தர வேண்டும். மானியத்தின் அளவைவிட, எந்த இடத்தில் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று இந்த இரண்டு நாடுகளையும் பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன். நான் கேட்கும் முழு மானியம் ஏழை வாடகைக் கூரைக்கு மட்டும். அதுவும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டிய விலையில், முடிந்த வேலையை அளந்த பிறகு.

கே: அப்படியானால் கடன் கொடுக்கலாமே. மிச்சமாகும் கரண்ட் காசில் தவணை கட்டட்டும்.
(வங்கி ஊழியர், கரூர்)

ப: காகிதத்தில் அழகான யோசனை. பிரிட்டன் 2013 ஜனவரியில் இதைத்தான் 'கிரீன் டீல்' என்ற பெயரில் தொடங்கியது. வீட்டுக்கு இன்சுலேஷன் போட்டுக்கொள்ளலாம், தவணை மின்கட்டணத்தோடு வரும், தவணை எப்போதும் மிச்சத்தைத் தாண்டாது. லட்சோபலட்சம் வீடுகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 14,000. வட்டி 7 சதவீதத்துக்கு மேல், வழிமுறையோ பெருஞ்சுற்று. 2015 ஜூலையில் அரசே நிதியை நிறுத்திவிட்டது.

நம் நாட்டிலேயே இதைவிடச் சிறிய, வெற்றி பெற்ற உதாரணம் உண்டு. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்இடி பல்பைச் சில மாநிலங்களில் மாதம் பத்து ரூபாய் தவணையில் மின்கட்டணத்தோடு கொடுத்தார்கள். ஈஈஎஸ்எல் என்ற பொதுத்துறை நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடு சேர்ந்தன. மொத்தக் கொள்முதல், எளிய தவணை, அவ்வளவுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைப் பெயின்ட்டுக்கும் சிக்கன ஃபேனுக்கும் மாநில அரசு இதே வழியில் போகலாம். வங்கியில் ஆறு கையெழுத்து, இரண்டு ஜாமீன் என்றால் வியாசர்பாடி அம்மா வரமாட்டார்.

கே: அரசுத் திட்டத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே இன்சுலேஷன் ஒட்டிவிட்டுப் போனார்கள். இரண்டே குளிர்காலத்தில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. யாரிடம் போவது?
(தமிழ்க் குடும்பத் தலைவி, ஈஸ்ட் ஹாம், லண்டன்)

ப: முதலில் பிள்ளையின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், மருத்துவரிடம் பூஞ்சை இருப்பதைச் சொல்லுங்கள். பிறகு வேலையைச் செய்த நிறுவனத்துக்குப் படத்தோடு எழுத்தில் புகார். பதில் வராவிட்டால் உத்தரவாதம் கொடுத்த அமைப்புக்கு. வாயால் சொன்னது நிற்காது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, அரசுத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் உண்டு. 22,000 வீடுகளுக்கு மேல். ஒட்டும் பலகைக்கும் ஜன்னலுக்கும் இடையே விடும் ஒரு விரல் இடைவெளி போதும். மழை உள்ளே இறங்கிவிடும், இறங்கிய ஈரம் வெளியேற வழியிருக்காது. சுவரும் மூச்சுவிட வேண்டும், வீடும் காற்றோட்டம் பெற வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டுச் சூட்டை மட்டும் காப்பாற்ற முடியாது. ஒப்பந்ததாரர்களுக்கு மேல் ஒப்பந்ததாரர்கள், சான்று கொடுப்பவருக்கும் வேலை செய்தவருக்கும் இடையே நெருக்கம், தளத்துக்கு வந்து பார்க்க ஆள் இல்லை. இதில் எதையும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கே: சோதனை, சான்று என்று இழுத்தால் பத்து வருஷம் ஆகும். பருவநிலை காத்திருக்காது. முடுக்கிவிட்டால்தானே வேலை நடக்கும்?
(சிவில் இன்ஜினியர், திருச்சி)

ப: முடுக்கிவிட்ட இடத்தில் ஆள் செத்திருக்கிறார்கள், ஐயா. அதனால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

2009-இல் உலகப் பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க ஆஸ்திரேலிய அரசு வீட்டுக் கூரைக்குள் இலவச இன்சுலேஷன் திட்டம் தொடங்கியது. வேலைவாய்ப்பும் பெருகும், மின்சாரமும் மிச்சமாகும் என்று இரட்டைக் கணக்கு. சில மாதங்களில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கூரைகள். அனுபவமில்லாத இளைஞர்களைச் சேர்த்து, பேருக்குப் பயிற்சி கொடுத்து, கூரைக்குள் ஏற்றினார்கள். உலோகத் தாள் இன்சுலேஷனை உலோக ஆணியால் அடிக்கும்போது ஆணி மின்கம்பியில் இறங்கியது. மூன்று பேர் மின்சாரம் தாக்கியும் ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமலும் இறந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள். வீடுகள் தீப்பிடித்தன. 2010 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள். 2014-இல் விசாரணை ஆணையம், இந்த மரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது.

லண்டனில் கிரென்ஃபெல் டவர். 24 மாடிக் குடியிருப்பு. 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவருக்கு இன்சுலேஷனும் அதன்மேல் அலுமினியப் பலகையும் போர்த்தினார்கள். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே எரியக்கூடிய பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அதிகாலையில் ஒரு சமையலறையில் பிடித்த தீ, அந்தப் போர்வை வழியே கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று செய்த வேலை அது.

நீங்கள் இன்ஜினியர் என்பதால் சொல்கிறேன். நம் ஊரில் கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டி, அதற்குள் ஒயரை இழுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதை அரசுத் திட்டமாக்கி, மார்ச் 31-க்குள் இத்தனை ஆயிரம் வீடு என்று இலக்கு வைத்தால் என்ன நடக்கும்? நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால், பூச்சு வேலையை முடுக்குங்கள். எரியும் பொருளும் மின்கம்பியும் சேருகிற வேலையை நிதானமாக்குங்கள்.

கே: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஓடுகிறது. 20 யூனிட்தான் கூட, பில்லோ தாவிவிட்டது!
(தையல் தொழில் செய்பவர், சேலம்)

ப: 500-ஐத் தாண்டினால் கடைசி 20 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 100-க்கு மேலே உள்ள முதல் படியின் விலையே மாறிவிடும். அதனால்தான் அந்தத் தாவல்.

ஃபேனை எண்ணுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி எனப்படும் சிக்கன ஃபேன் சுமார் 28 வாட். நாலு ஃபேன், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 135 யூனிட் மிச்சம். 520 இருந்த இடத்தில் 385. ஒரே சமயத்தில் நாலையும் மாற்றக் காசு இல்லையென்றால், தையல் மெஷினுக்கு மேலே ஓடுவதை முதலில் மாற்றுங்கள். அதுதானே அதிக நேரம் ஓடும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கொடுக்கிறோம். அது இருக்கட்டும், ஏழை வீட்டுக்கு அது வெளிச்சம். ஆனால் சூடான கூரையும் பழைய ஃபேனும் அந்த 100 யூனிட்டைத் தின்றுவிடும்போது, அரசு ஒவ்வொரு ரீடிங்குக்கும் திரும்பத் திரும்ப அதே காசைக் கட்டுகிறது. ஒருமுறை கூரைக்கும் ஃபேனுக்கும் கொடுத்தால் அதே 100 யூனிட்டில் அந்த வீடு நன்றாக வாழும்.

கே: சோலார் போட்டுவிட்டால் போதாதா? 78,000 ரூபாய் மானியம் தருகிறார்களே.
(ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு)

ப: போடுங்கள், நல்ல திட்டம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அந்த மானியம். ஆனால் கூரையைக் குளிர்வித்து, ஃபேனை மாற்றியபின் கணக்குப் போட்டால் உங்களுக்கு 2 கிலோவாட்டே போதுமாக இருக்கலாம். வரிசையை மாற்றிச் செய்தால் வீணாகிற மின்சாரத்துக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள். மேலும், சொந்த மொட்டை மாடி இல்லாதவருக்கு இந்த மானியம் எட்டாது. அவரையும் நினைக்க வேண்டும்.

கே: தாத்தா காலத்து வீடு. இடித்துவிட்டுப் புதிதாகப் பசுமைக் கட்டடம் கட்டச் சொல்கிறான் மகன்.
(காரைக்குடி)

ப: மகனிடம் கேளுங்கள்: புது வீட்டுக்கு எத்தனை லோடு சிமென்ட், எத்தனை டன் கம்பி? உலகத்தின் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து மட்டும் வருகிறது. இடித்துக் கட்டிய வீடு தினசரி மின்சாரத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கடனை அடைக்கவே ஆண்டுகள் பல ஆகும்.

செட்டிநாட்டு வீட்டில் உயர்ந்த கூரை, கெட்டிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் முற்றம். சூடு மேலேறி வெளியேற வழி வைத்துக் கட்டியவை. மழை விழுகிறது, குரங்கு வருகிறது என்று முற்றத்தைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுங்கள். ஓடு மாற்றுவது, உத்திரத்தின் கறையானைக் கவனிப்பது, ஒயரிங்கைப் புதுப்பிப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த வேலை தெரிந்த கொத்தனாரும் ஆசாரியும் அருகிவருகிறார்கள். புதுக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று கொடுக்கும் அரசு, பழைய வீட்டைப் பழுது பார்ப்பவருக்குப் பயிற்சிக்கூடம் வைத்தால் என்ன?

கே: எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் 2007-லேயே வந்துவிட்டன என்று படித்தேன். பிறகும் ஏன் இந்த நிலை?
(கட்டடக்கலை மாணவி, கோயம்புத்தூர்)

ப: ஏனென்றால் அவை பெரும்பாலும் புதிதாகக் கட்டப்படும் பெரிய கட்டடங்களுக்கானவை. 2018-இல் குடியிருப்புகளுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு வந்தது, எரிசக்திச் சிக்கனச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் கட்டாய வரம்புக்குள் கொண்டுவர வழி செய்தது. எல்லாம் நல்லவை. ஆனால் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைக் கேள்வி கேட்கும் வலுவான சட்டம் நம்மிடம் இல்லை. பழைய கட்டடங்களுக்கு இருக்கும் நட்சத்திரத் தரம் விருப்பப்பட்டவர் வாங்குவது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்திய கட்டட உத்தரவில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாடும் குடியிருப்புகளின் சராசரி எரிசக்திப் பயன்பாட்டை 2030-க்குள் 16 சதவீதம் குறைக்க வேண்டும். அந்தக் குறைவில் பாதிக்கு மேல், 55 சதவீதம், மிக மோசமான கட்டடங்களைத் திருத்தியதிலிருந்து வர வேண்டும். வசதியானவர் வீட்டை இன்னும் பளபளப்பாக்கிக் கணக்குக் காட்ட முடியாது. உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், தமிழ்நாட்டின் மோசமான கட்டடங்கள் எவை, எங்கே இருக்கின்றன என்று ஒரு ஊரையாவது கணக்கெடுங்கள்.

கே: ஓஎம்ஆரில் கண்ணாடிப் பெட்டியாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, அதையெல்லாம் திருத்த முடியுமா?
(ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: 1931-இல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே திருத்திவிட்டார்கள். 2009-இல் தொடங்கிய வேலையில் 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியவில்லை. கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே பட்டறை போட்டு, கழற்றிய கண்ணாடியைக் கழுவி, நடுவில் ஒரு மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பி, மறுபடி மாட்டினார்கள். ஜன்னல் வழியே வரும் சூடு குறைந்ததால் பெரிய குளிரூட்டும் இயந்திரம் புதிதாக வாங்க வேண்டிய தேவையே போய்விட்டது, இருந்ததையே செப்பனிட்டார்கள். எரிசக்திச் செலவு 38 சதவீதம் குறையும் என்று திட்டமிட்டார்கள்; ஆண்டுக்கு 44 லட்சம் டாலர். முதலில் சூட்டை நிறுத்து, பிறகு மெஷினை யோசி என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நியூயார்க் நகரம் 2019-இல் போட்ட 97-ஆம் எண் சட்டப்படி, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கார்பன் வரம்பு உண்டு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். நம் ஊரில் முதல் படியாக, பெரிய அலுவலகக் கட்டடங்கள் சதுர அடிக்கு எவ்வளவு யூனிட் எரிக்கின்றன என்பதை வாசலில் எழுதி வைக்கச் சொல்லலாம்.

கே: கனடாவில் கிரீனர் ஹோம்ஸ் மானியத்துக்குக் காகிதமெல்லாம் தயார் செய்தேன். திடீரென மூடிவிட்டார்கள்.
(ஸ்கார்பரோ, டொரன்டோ)

ப: 2021 மே மாதம் தொடங்கி, வீட்டுக்கு 5,000 டாலர் வரை கொடுத்தார்கள். விண்ணப்பம் குவிந்து, 2024 தொடக்கத்தில் புதியவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். உங்கள் கோபம் நியாயமானது. இந்தத் தொழிலில் ஆளைப் பயிற்றுவிக்கவே இரண்டு வருஷம் ஆகும். திட்டம் மூன்று வருஷத்தில் மூடினால் தொழில் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சிறிய தொகையானாலும் பத்து வருஷம் தொடர்ந்து கொடுப்பது மேல்.

கே: வீடு சிக்கனமாகிவிட்டால் ஏசியைக் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள். கடைசியில் மிச்சம் ஒன்றுமில்லை என்கிறாரே என் நண்பர்?
(பாளையங்கோட்டை)

ப: ஓரளவு உண்மை. நிலக்கரி விஷயத்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865-லேயே எச்சரித்தார். ஆனால் யார் கூடுதலாக ஓட்டுகிறார் என்று பாருங்கள். தகரக் கொட்டகையில் இதுவரை தூங்காமல் கிடந்த கூலித்தொழிலாளி இனி ஃபேனை விடிய விடிய ஓட்டித் தூங்கினால் அது இழப்பா? வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இந்தத் திட்டங்களை யூனிட் கணக்கில் மட்டும் அளந்தால் தவறு. எத்தனை பேர் தூங்கினார்கள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கே: எங்கள் பேரூராட்சியில் பெரிய நிதி கிடையாது. என் வார்டுக்கு நான் என்ன செய்யலாம்?
(பெண் கவுன்சிலர், தேனி மாவட்டம்)

ப: இந்த இதழில் நான் காத்திருந்த கேள்வி இதுதான், அம்மா. தெலங்கானா 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுக் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. அரசுக் கட்டடம், வணிகக் கட்டடம், பெரிய மனை வீடு எல்லாவற்றுக்கும் கட்டாயம். தமிழக அரசும் பள்ளிகளில் குளிர்கூரை போடத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வார்டில் உள்ள அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, துணைச் சுகாதார நிலையம் மூன்றையும் முதலில் எடுங்கள். சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குக் குழந்தைகள் உட்காரும் உயரத்தில் ஒரு வாரம் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து வரும் பிப்ரவரியில் வேலையை முடியுங்கள். கூரையைக் கூட்டிக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பூச்சு. பசை கலந்த சுண்ணாம்பு என்றால் வருஷாவருஷம் அடிக்க வேண்டும். குளிர்கூரைப் பெயின்ட் சில வருஷம் தாங்கும், ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், வருஷம் ஒருமுறை கழுவ வேண்டும். கழுவும் கூலியையும் இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் தேய்க்கவோ சுரண்டவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதன்மேல் யாரையும் நேராக நடக்க விடாதீர்கள். அட்டை உடைந்து கீழே விழுந்து உயிர் போகும்.

பூச்சுக்குப் பின் வரும் மே மாதம் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி அளந்து, இரண்டு கணக்கையும் மன்றக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்த பட்ஜெட்டில் மற்ற வார்டுகளுக்கும், பிறகு அட்டைக் கூரை வீடுகளுக்கும் நிதி கேட்க அந்த நோட்டுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.